இருபத்திரண்டு நிமிடம் இறங்கிய கோடு

நெட்டையின் மனைவி, எங்கள் ஆய்வகக் கணினித் திரையில் தெரிந்த கோட்டின் உச்சியில் விரலை வைத்தார்.

"இங்கதான் அவரு உள்ள போனாராண்ணா?"

ஆமாம் என்றேன்.

அவன் மேசையைக் காலி செய்ய வந்திருந்தார். டிபன் பெட்டி, ஒரு ஸ்வெட்டர், கண்ணாடிக் கூடு. பதினோரு வருட வேலை ஒரே பையில் அடங்கிவிட்டது. போகும்முன் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். கணவன் கடைசியாகச் செய்த வேலை அதில் இருக்கிறது என்று சாவு வீட்டில் நான்தான் உளறியிருந்தேன்.

முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். கார்பன் பூச்சு பூசிய ஒரு தட்டு சுற்றும். அதன்மேல் ஒரு எஃகுக் குண்டு உட்கார்ந்து தேயும். எவ்வளவு உராய்கிறது என்று இந்தக் கோடு காட்டும். நாம் மூச்சு விடுகிற ஈரக்காற்று பட்டால் எங்கள் பூச்சு முரண்டு பிடிக்கும், கீச்சிடும். வறண்ட நைட்ரஜன் வாயுவில் வைத்தால் வெண்ணெயாக வழுக்கும், சத்தமே இருக்காது. அதனால் இயந்திரத்தை ஒரு மூடிக்குள் வைத்து, சுவரிலிருந்து குழாய் வழியாக வாயுவை விட்டுக்கொண்டே இருப்போம்.

ஆள் வாடை பட்டாலே மாமியார் மாதிரி முனகும் என்பான் நெட்டை. அதையும் சொன்னேன். எங்கம்மாவைத்தான் சொல்லியிருப்பார் என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அவன் இறந்த அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கோடு திடீரென்று எகிறியது. சுவர்ப்பக்கம் குழாய் கழன்று, மூடிக்குள் காற்று புகுந்துவிட்டது என்று எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

"நீ உக்காரு மாப்ள, நான் பாத்துட்டு வரேன்" என்று நெட்டை எழுந்து போனான்.

இயந்திரம் இருப்பது ஜன்னல் இல்லாத, பெரிய அலமாரி அளவு அறை. உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டான். ஈரம் புகக்கூடாது என்று நாங்களே வைத்த விதி அது.

கொஞ்ச நேரத்தில் கோடு இறங்கத் தொடங்கியது. பதறாமல், ஒரே சீராக. கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த கீச்சொலியும் தேய்ந்து நின்றது. வாயு சீறும் சத்தம் அங்கே எப்போதும் இருப்பதுதான். குழாயை மாட்டிவிட்டான் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். கோடு படியும்வரை பக்கத்திலேயே நிற்பது அவன் வழக்கம்.

நடுவில் துடைக்க வந்த அக்கா அந்தக் கதவில் கை வைத்தார். இப்போதுதான் இறங்குகிறது, தொடாதீர்கள் என்று விரட்டினேன்.

இருபத்திரண்டாவது நிமிடம் கோடு பழைய மட்டத்தைத் தொட்டது. அவனைப் பாராட்டத்தான் கதவைத் திறந்தேன். முகம் சுவரோரம் இருக்க, தரையில் கிடந்தான். காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவன் காலில் சிக்கிய குழாயும் கூடவே வந்தது; நான் இழுத்ததில் கழன்றது என்று நினைத்தேன். எனக்கும் தலை சுற்றிக் கண் இருண்டது. பதற்றம் என்றார்கள்.

மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எதைக் கேட்க வந்தாரோ அதை நெட்டையின் மனைவி இப்போது கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் முன்னால யாராவது உள்ள போயிருந்தா?"

பத்து நாளாக இந்தக் கேள்வி என்னோடுதான் குடியிருக்கிறது. வீட்டில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் போதும், ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், என் மனைவி திட்டுகிறாள். ஆனாலும் பதில் கைவசம் இருந்தது. கோடு இறங்கும் இடத்தைக் காட்டினேன். குழாயை மாட்டியதால்தான் இது இறங்கியது. வேலையை முடித்து, கோட்டை மட்டத்துக்குக் கொண்டுவரும்வரை நன்றாகத்தான் இருந்திருக்கிறான். அதற்குப் பிறகு ஒரு நொடி. யார் போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கோடு.

அவர் மெல்லத் தலையசைத்தார். அதை ஒரு தாளில் அச்செடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அப்பா வேலையை முடித்துவிட்டுத்தான் போனார் என்று மகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

பிரிண்டர் முனகத் தொடங்கியது. அவர் கைப்பையைத் திறந்தார்.

"மறந்தே போயிட்டேண்ணா. ஆஸ்பத்திரில மோதிரத்தோட இதையும் குடுத்தாங்க. கைய இறுக்கி மூடியிருந்தாராம். விரலப் பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம்."

என் உள்ளங்கையில் வைத்தார். சுவர்க்குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பு. திருகு முழுக்கத் தளர்ந்து, வாய் அகலத் திறந்திருந்தது.

அது இல்லாமல் அந்தக் குழாய் ஒரு நொடிகூட நிற்காது. அவன் மாட்டவே இல்லை. எடுத்துக்கொண்டு குனிந்ததோடு சரி.

மூடிக்குள் காற்று இல்லாமல் போனால் கோடு இறங்கும். கழன்ற குழாயின் வாயு நிறைந்து அறைக்குள்ளேயே காற்று இல்லாமல் போனாலும் இறங்கும்.

பிரிண்டர் தாளைத் தள்ளியது. அவர் அதை எடுத்து, மடிப்பு விழாமல் ஸ்வெட்டருக்குள் பொதிந்து வைத்தார். பிறகு என் கையைப் பார்த்து, அது ஏதாவது முக்கியமான சாமானா என்று கேட்டார்.

"பழைய கிளிப்பும்மா" என்றேன்.

கையை மூடிக்கொண்டேன். அவர் போன பிறகும் விரல்கள் பிரியவில்லை.