இருக்க முடியாத விண்மீன் திரள்

பிரபஞ்சம் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் பெரிய விண்மீன் திரள்கள் உருவாகியிருக்கவே முடியாது என்று கணக்குப் போட்டு நிரூபிக்க நாச்சியாருக்கு ஐந்து வருடம் பிடித்தது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு புதிய தொலைநோக்கிப் படம் ஒன்று வெளியானது. அதில், பிரபஞ்சத்தின் அதே கைக்குழந்தைக் காலத்தில் ஒரு திரள் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது.

“இன்னும் பார்க்கலைன்னு சொல்லிடும்மா,” என்றார் அவளுடைய வழிகாட்டி கிரகோரி.

அவளுக்கு மனம் வரவில்லை. தேர்வில் முதலில் அந்தப் படத்தையே திரையில் போட்டாள். “என் கணக்குப்படி இது இருக்க முடியாது சார். ஆனா இருக்கு. எப்படின்னு தெரியல.” பட்டம் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

“நல்லவேளைம்மா,” என்றார். “எனக்கு மட்டும்தான் தெரியலையோன்னு ரெண்டு நாளா தூக்கமில்ல.”