கண்ணாடியில் நிற்பவன்

மாலை மணி நாலேகால். சிம்மக்கல்லில் உள்ள சிறிய ஓவியக்கூடத்தில், பழைய கம்ப்யூட்டரின் திரைமேல் ஜன்னல் வெயில் சாய்ந்து விழுகிறது. திரையில் வெண்ணெய் உண்ணும் கிருஷ்ணன் ஓவியத்தின் படம். எந்த இடத்தைச் சொடுக்கிப் பெரிதாக்கினாலும் ஒட்டிய தங்க ரேக்கின் மேடு பள்ளம் தெரியும், பக்கத்தில் விளக்கம் வரும். ஹம்சவேணி விளக்கத்தைப் படிப்பதில்லை. மவுஸைக் கிருஷ்ணனின் தோளுக்கு மேலே, இருண்ட பகுதிக்கு நகர்த்துகிறார். அங்கே ஓவியச் சட்டத்தின் கண்ணாடியில் அவருடைய மகன் ராஜேஷ்குமார் மங்கலான பிம்பமாக நிற்கிறான். கண்ணாடியைக் கழற்ற ஆள் வைக்கக் கூடத்தில் பணம் இல்லாததால், இரவல் கேமராவில் அவன் அப்படியே எடுத்த படம். வருகிற சித்திரையோடு அவன் இறந்து ஒரு வருடம். வெளியே டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது.

“இன்னைக்கு இத எடுத்துட்டு, கண்ணாடியக் கழட்டி எடுத்த புதுப் படம் போடுறோம்மா. நன்கொடை வந்திருக்கு,” என்கிறாள் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மதுவந்தி. “பழச சிடியில போட்டுத் தாரேன். வீட்டுல வச்சுப் பாருங்க.”

“இருந்தப்பவே வீட்டுல தங்க மாட்டான். சிடியில போட்டா வந்துருவானாக்கும்.”

கட்டம் போட்ட சட்டை தெரிகிறது. கைக்கடிகாரம் தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா. ஹம்சவேணி இன்னும் பெரிதாக்குகிறார். படம் சதுரம் சதுரமாக உடைகிறது. மதுவந்தி மவுஸை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொள்கிறாள். ஹம்சவேணி முந்தானையால் திரையின் தூசியைத் துடைத்துவிட்டுக் கிட்டத்தில் குனிகிறார்.

“அந்தக் கேமராவக் கொஞ்சம் எறக்குப்பா, ராஜேசு.”