சிக்கனரி

கெலிஓயா வீட்டில் சகீனா ஆங்கிலப் பத்திரிகையை விரித்து வைத்திருந்தாள். கணவன் ஹபீல் யன்னலோரக் கதிரையில் வெளியே பார்த்தபடி இருந்தான். திகனயிலிருந்து அவனைப் பார்க்க வந்திருந்த தங்கை அம்னா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்னா, இதுல சிக்கனரி என்டு ஒரு சொல் இருக்குது. கோழி விக்கிற கடையா இருக்கும், என்ன?”

அம்னா திகைத்துப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சகீனா அவளது காலை மெல்ல மிதித்தாள்.

ஹபீலின் தாடை அசைந்தது. சகீனா அதைக் கவனித்தாள்.

“யாரோ ஒரு அரசியல்வாதி சிக்கனரி செஞ்சாராம். பாவம், அரசியலை விட்டுட்டுக் கோழி யாவாரத்துக்குப் போயிட்டார் போல.”

“சிக்கனரி இல்ல,” என்றான் ஹபீல். நாக்குக் குழறியது. “ஷி... கேனரி. சூழ்ச்சி. தந்திரமா ஏமாத்துறது.”

“நானா,” என்று அண்ணனைக் கூப்பிட்டாள் அம்னா. கோப்பையை வைத்துவிட்டு அவனருகே வந்தாள்.

பக்கவாதம் வந்த பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது. பேசலாம் என்று டாக்டர் சொல்லியும், தன் குழறலைப் பிறர் கேட்பார்களே என்ற வெட்கத்தில் மாதக்கணக்காக அவன் வாயே திறக்கவில்லை. ஆனால், பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தியே காலம் கழித்தவன் அவன்.

சகீனா தலையை நிமிர்த்தவில்லை. கண்கள் நிறைந்திருந்தன.

“எனக்கு வெளங்கல்ல. ஒரு உதாரணம் சொல்லுங்களே.”

ஹபீல் அவளையே பார்த்தான். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

“ஸ்கூல்ல... இங்கிலிஷ் படிச்சுக் குடுக்குற நீங்க... அர்த்தம் தெரியாத மாதிரி... நடிக்கிறது.”