மெடல் கலர் மட்டும் பாக்கி

“எம் மூஞ்சி இன்னுங் கொஞ்சம் பெருசா வரட்டுங்க. மாமனாரு நாந்தான்னு ரோட்டுல போறவனுக்குத் தெரியோணுமல்லோ.”

ஃப்ளெக்ஸ் கடை அருள்செல்வன் திரையில் பொங்கியண்ணனின் முகத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினான். இருபதுக்குப் பத்து போர்டில், தடை தாண்டி ஓடுகிற பையன் ஓரமாக ஒண்டிக்கொண்டான். வாயெல்லாம் பல்லாக நடுவில் நின்றார் மாமனார்.

பொங்கியண்ணனுக்கு அருள்புரத்தில் மூன்று பனியன் கம்பெனி. மருமகன் அருண்பாண்டிக்கு இன்னும் கால் மணி நேரத்தில் ஆசியத் தடகளப் போட்டியில் நூற்றுப்பத்து மீட்டர் தடை ஓட்டம், இறுதிச் சுற்று. ஜெயித்து வந்தால் ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் தம் வீட்டு வாசலில்தான் முதலில் வந்து இறங்குவார்கள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. பந்தலுக்கும் ஆள் பேசிவிட்டார்.

“தங்கம், வெள்ளி, வெண்கலம்னு மூணு டிசைன் பண்ணி வெச்சிருக்கறனுங்கண்ணா. மெடல் கலர் மட்டுந்தான் பாக்கி” என்றான் அருள்செல்வன். “மெடல் வராட்டி என்னுங்க பண்றது?”

“வராட்டி போர்டு எதுக்குங்க?”

பொங்கியண்ணன் இந்தக் கடைக்கு வருவது இது இரண்டாவது தடவை. போன தடவை பேரம்கூடப் பேசாமல் அவர் வாங்கிப்போன போர்டை நினைத்தால் அருள்செல்வனுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தொழிலைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டான், இப்போதும் அப்படித்தான் இருக்கிறான்.

“மாப்பிள்ளையோட அப்பா, ராக்கையாண்ணன் போட்டோ எந்தப் பக்கங்க வெக்கறது?”

“அயர்ன் தேய்க்கற ஆளை எம் பக்கத்துல வெப்பீங்களா? எம் மக போட்டோவ வெய்யுங்க, போதும்.”

“அது நம்ம சிஸ்டத்துலயே இருக்குதுங்கண்ணா.”

பொங்கியண்ணன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “அது வேண்டாம். வேற அனுப்பறேன்.”

சுவரில் இருந்த டிவியில் எட்டுப் பேரும் குனிந்து நின்றார்கள். பொங்கியண்ணனின் மச்சான் சரவணக்குமார் செல்போனைத் தூக்கி, டிவியையும் அவரையும் மாற்றி மாற்றி வீடியோ எடுத்தார். சொந்தக்காரர்கள் குரூப்பில் போட வேண்டுமாம்.

துப்பாக்கி வெடித்தது. எட்டாவது தடை வரைக்கும் அருண்பாண்டி இரண்டாவதாக வந்தான். ஒன்பதாவதில் முழங்கால் இடித்துத் தடை சாய்ந்தது, அவனும் தடுமாறினான். கடைசியில் நாலு பேர் ஒரே நேரத்தில் நெஞ்சை நீட்டிக்கொண்டு கோட்டில் விழுந்தார்கள்.

“சோலி முடிஞ்சுது.” பொங்கியண்ணன் எழுந்து வேட்டியை உதறினார். “பஞ்சம் பொழைக்க வந்த கூட்டம், இதுக்கு மேல என்னத்தக் கிழிக்கும்? போர்டை நிறுத்துங்க. சரவணா, பந்தக்காரனுக்குப் போனப் போடு.”

அந்தப் பையன் அங்கே முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறான். அடி பட்டதா என்று கேட்க இந்த மனிதருக்கு நாக்குப் புரளவில்லையே என்று அருள்செல்வனுக்கு அருவருப்பாக இருந்தது.

அரை நிமிடம் கழித்து முடிவு வந்தது. நூலிழையில் மூன்றாவது இடம், வெண்கலம். அருண்பாண்டி நொண்டிக்கொண்டே கேலரிப் பக்கம் ஓட, கையில் கொடியோடு நின்ற ஒரு பெண் கம்பிக்கு மேல் எக்கி அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“பாருங்க, எம் புள்ள இந்துமதி!” பொங்கியண்ணன் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எம் மாப்பிள்ளை சிங்கமுங்க. பந்தக்காரனுக்குப் பேசீட்டியா சரவணா? பேசாத, பேசாத.”

அருள்செல்வன் வெண்கல டிசைனைத் திறந்தான்.

“கொஞ்சம் மினுக்கி உடுங்க. தூரத்துல இருந்து பாத்தாத் தங்கமாட்டத் தெரியோணும்.”

மினுக்கிவிட்டான். வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்து பிரிண்ட் கொடுத்தான். மெஷினிலிருந்து பொங்கியண்ணனின் முகம் நெற்றியில் தொடங்கி மெல்ல மெல்ல வெளியே வந்தது.

மகளிடம் பேசுவதையும் குரூப்பில் போட வேண்டும் என்றார் அவர். மகள் நம்பர் அவர் போனில் இல்லை. சரவணக்குமார் யார் யாரையோ கேட்டு வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, செல்போன் கேமராவைச் சரிசெய்துகொண்டார். மூன்றாவது தடவை எடுத்தாள்.

“ஹலோ, யாருங்க?”

“அப்பா பேசறங் கண்ணு. டிவியில பாத்தேன், அப்பனுக்குப் பூரிச்சுப் போச்சு.”

பொங்கியண்ணன் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மேலே பேசினார்.

“ஞாயித்துக்கெழம மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு நேரா நம்மூட்டுக்கு வந்தறோணும். சனமெல்லாம் காத்துக்கிட்டு இருக்குது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் போர்டுகூட அடிச்சாச்சு கண்ணு.”

இந்துமதியின் குரலில் கோபமே இல்லை.

“எனக்குத்தான் ரெண்டு வருசத்துக்கு முந்தியே கண்ணீர் அஞ்சலி போர்டு வெச்சுட்டீங்களேங்க.”