ஜீப்பில் தட்டுவது யார்?

மலைக்குப் போய்வரும் அந்தப் பழைய ஜீப் ஓடும்போதெல்லாம் அடியில் எங்கோ ‘டொக் டொக்’ என்று தட்டும். நின்றால் சத்தமே இருக்காது.

“எல்லாம் இந்த முன்ஷாப்ட் பண்ற வேலை,” என்றது பின்சீட்டுக்கு அடியில் கிடந்த ஜாக்கி. “வண்டி சேத்துல மாட்டினாத்தான் இவ முன்சக்கரத்தைச் சுத்துவா. மத்த நாளெல்லாம் சும்மா கிடக்கிறவளுக்குச் சத்தம் வேற! பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க இவளை!”

முன்ஷாப்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அண்ணே, போன மழையில மேடேத்தினது யாரு, நீங்களா? ஆதாரம் இருந்தாப் பேசுங்க!”

“சத்தம் கேக்குதே, அதுதான் ஆதாரம்.”

“ம்ம்ம்,” என்று ஆமோதித்தது கியர்பாக்ஸ். யார் என்ன சொன்னாலும் அது அப்படித்தான்.

மெக்கானிக் சூசை, ஸ்க்ரூடிரைவர் நுனியை ஒவ்வொரு இடமாக வைத்து, அதன் பிடியில் காதை ஒட்டிக் கேட்டார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் முன்ஷாப்டைக் கழற்றிப் பின்பக்கம் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். இப்போது சத்தம் நின்றுவிட்டால் அவள் நேரே பழைய இரும்புக் கடைக்குத்தான்.

முதல் பள்ளத்திலேயே டொக் டொக்!

முன்ஷாப்ட் திரும்பிப் பார்த்தாள். கட்டியிருந்த பட்டை எப்போதோ அறுந்துபோனதால், ஜாக்கி குதித்துக் குதித்துத் தகரத்தில் மோதிக்கொண்டிருந்தது.

“அவதான்!” டொக். “அவளேதான்!” டொக்.

“அண்ணே, இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. சூசைக்குக் கேக்கல,” என்றாள்.

ஜாக்கி அழுத்திச் சொன்னது. சூசை வண்டியை நிறுத்திவிட்டு, கயிறு எங்கே என்று தேடினார்.