சொர்ணாம்பாள் பார்க்கும் ரேஸ்

விருத்தாசலம் டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டம். மணல் தரையில் ஸ்கூல் பையன்கள் குதிக்கிறார்கள். திரையில் ஹீரோவின் மோட்டார் சைக்கிள் காரை முந்துகிறது. முதுகு மட்டும் ஹீரோவுடையது இல்லை. பீங்கான் சூளை வேலையை விட்டு மெட்ராஸுக்கு டூப் போடப் போன கலியமூர்த்தியுடையது. இந்த ரேஸைப் படம்பிடிக்கும்போது விழுந்துதான் செத்தான். படக்காரர்கள் அதையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். பெண்கள் பக்கத்தில் அவன் அம்மா சொர்ணாம்பாள். "புள்ள வண்டி ஓட்டுறத மட்டும் பாத்துக்கறேன் தம்பி. வுழறத காட்டிப்புடாதீங்க" என்று ஆட்டத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டாள். ஆப்பரேட்டரான என்னை நம்பி இந்த ஊரில் ஒருவர் கேட்ட முதல் உதவி. அந்த முதுகைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவன் விழும் வளைவு வருகிறது. லென்ஸை உள்ளங்கையால் பொத்துகிறேன். திரை இருள்கிறது. "யோவ் ஆப்பரேட்டரு, தூங்கிட்டியா?" "அந்தாளு முழிச்சிருந்தாத்தான்டா அதிசயம்!" நியாயமான பேச்சுதான்; பெரிய காரியம் செய்துவிட்டவன்போல் இளிக்கிறேன். அப்போது ஸ்பீக்கரில் டயர் கீச்சிடுகிறது. இரும்பு தரையில் உரசிக்கொண்டே நெடுநேரம் போகிறது. படத்தை மறைத்த மேதைக்குச் சத்தம் நினைவில்லை. கையை எடுக்கிறேன். ஹீரோ தலைமுடி கலையாமல் எழுந்து நிற்கிறார், பையன்கள் விசிலடிக்கிறார்கள். சொர்ணாம்பாள் இரண்டு காதையும் பொத்தியபடி, என் ரூம் பக்கம் திரும்பி, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டுகிறாள்.