எட்டுப் பெயர்கள்

"எவன்டா என் எமலிங்கத்து மேல கை வெச்சது?"

மணிவேல் போட்ட சத்தத்தில் ஆபீசே திரும்பிப் பார்த்தது. திருவண்ணாமலை லாட்ஜுகளின் ரூம் புக்கிங் சாஃப்ட்வேர், பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதியது. அதில் கிளாஸ் என்கிற எட்டுப் பகுதிகளுக்கும் கிரிவலப் பாதை லிங்கங்களின் பெயர்களையே வைத்திருந்தார். கேன்சலுக்கு எமலிங்கம், பில்லுக்குக் குபேரலிங்கம். கேட்டவர்கள் சிரிப்பார்கள், மறக்க மாட்டார்கள். இன்று காலை பார்த்தால் எட்டுக்கும் வேறு பெயர்.

"லாட்ஜ்லேர்ந்து போன் மேல போன் வருது" என்றார் முதலாளி பரசுராமன். "பழைய புக்கிங் ஒண்ணுகூடத் தொறக்கலியாம். நாளைக்குப் பௌர்ணமி, மணிவேல்! ஜனம் வந்து ரூம் எங்கன்னு கேட்டா?"

"எப்படி சார் தொறக்கும்? அதெல்லாம் பழைய பேர்ல சேவ் ஆனது. புரோகிராம் அந்தப் பேரைத் தேடுது, காணோம்னு நின்னுடுது. மாத்தினா, பழைய பேரு இது, இப்ப இதுன்னு ஒரு வரி எழுதி வெக்கணும். அதுகூடத் தெரியாத ஜென்மம்!"

"யாருன்னு சொல்லு. இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"இருங்க சார், யாரு எப்ப மாத்தினாங்கன்னு லாக்ல எல்லாம் பதிவாகியிருக்கும்."

அவர் மௌஸைத் தொடுவதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பூஜா எழுந்துவிட்டாள். "நான்தான் சார்."

மணிவேல் அவள் பக்கம் திரும்பினார். "நீயாம்மா? ரெண்டு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"தப்புதாண்ணா. பழைய பேரை புதுப் பேரோட இணைச்சுட்டேன். அரை மணியில எல்லாம் தொறந்துடும்."

"தொறந்தா ஆச்சா? எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் கலைச்சுட்டியேம்மா."

அவள் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டாள். கதவருகே ஒரு தரம் நின்றாள். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுங்கண்ணா" என்றாள். போய்விட்டாள்.

"போறப்பகூட அக்கறை மாதிரி என்ன நடிப்பு!" என்றார் பரசுராமன். "எப்ப மாத்தினான்னு பாத்து எனக்கு ஒரு மெயில் போட்டுடு."

மணிவேல் லாகைத் திறந்தார்.

நேற்று மதியம் மூன்று பத்து. மாற்றியவர்: மணிவேல். காரணம்: 'பழைய பேர்ல எது எதுக்குன்னு எனக்கு ஞாபகம் வரல.'